விசையும் இயக்க விதிகளும்: ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூன்று விதிகளையும் புரிந்துகொள்வது எப்படி?

ஒரு பந்தை நேராக மேலே எறிகிறீர்கள். அது கையை விட்டுப் போய்விட்டது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்தக் கணத்தில் பந்தின் மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன?

மாணவர்களுக்கு இயக்க விதிகளைச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "மேல்நோக்கிக் கை கொடுத்த விசை, கீழ்நோக்கிப் புவியீர்ப்பு விசை. மேல்விசை அதிகமாக இருப்பதால் பந்து ஏறுகிறது." நியூட்டனின் மூன்று விதிகளையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் பந்தின் மேல் செயல்படுவது ஒரே ஒரு விசை, புவியீர்ப்பு. மேல்நோக்கி எந்த விசையும் கிடையாது.

இது ஏன் என்று மனதாரப் புரிந்துவிட்டால், இயக்க விதிகளில் முக்கால்வாசி புரிந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் வரையறைகளை வரிசையாக அடுக்காமல், இந்தப் பந்தை விடுவிக்கத் தேவையானவற்றை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். படம் வரையாமல் இந்தப் பாடம் நடக்காது.

படி 1: கொடுப்பது எது, வாங்குவது எது?

விசை என்றால் தள்ளுவது அல்லது இழுப்பது. இது எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது, ஒரு பொருள் தனியாக இருந்தால் விசை என்ற பேச்சே இல்லை என்பதை. எப்போதும் ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தள்ளுகிறது, அல்லது இழுக்கிறது. கை கதவைத் தள்ளுகிறது. காந்தம் ஆணியை இழுக்கிறது. பூமி பந்தை இழுக்கிறது. ஆக, எந்த விசையைச் சொன்னாலும் இரண்டு பெயர்கள் வந்தாக வேண்டும்: கொடுப்பது எது, வாங்குவது எது?

இந்தக் கேள்வியை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பவரின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த விசை இல்லை. படத்தில் அதற்கு அம்புக்குறி போடக் கூடாது.

நம் பந்தில் போட்டுப் பாருங்கள். கீழ்நோக்கிய விசையைக் கொடுப்பது பூமி, சரி. மேல்நோக்கிய விசையைக் கொடுப்பது எது? கையா? கை இப்போது பந்தைத் தொடவே இல்லையே. எறியும்போது கை பந்தைத் தள்ளியது உண்மை. ஆனால் கையைவிட்டுப் பிரிந்த அந்த நொடியோடு தள்ளல் முடிந்துபோனது. பந்து தன்னோடு எடுத்துக்கொண்டு போவது வேகத்தை, விசையை அல்ல. விசை என்பது பையில் போட்டுக் கொடுத்தனுப்புகிற பொருள் இல்லை. தள்ளிக்கொண்டிருக்கும் வரைதான் அது இருக்கும்.

விசையின் அலகு நியூட்டன். 100 கிராம் நிறையுள்ள ஒரு பொருளை உள்ளங்கையில் வைத்தால் நீங்கள் உணர்கிற அழுத்தம் ஏறக்குறைய 1 நியூட்டன். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால், கணக்கில் விடை 50,000 நியூட்டன் என்று வரும்போது அது பொருத்தமா என்று சட்டென்று தெரியும். விசைக்கு அளவோடு திசையும் உண்டு. அதனால் படத்தில் அதை அம்புக்குறியாகப் போடுகிறோம். பெரிய விசைக்கு நீளமான அம்பு.

படி 2: அடிக்கடி வருகிற விசைகளை அடையாளம் காண்பது

பள்ளிக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரு சில விசைகள்தான். தொடாமலே செயல்படுபவை புவியீர்ப்பு விசை, மின்விசை, காந்த விசை. மற்றவை எல்லாம் தொட்டால்தான்: பரப்பு தாங்குகிற செங்குத்து விசை, உராய்வு விசை, கயிற்றின் இழுவிசை, சுருள்வில்லின் விசை, காற்றும் நீரும் தருகிற தடை. ஆக, ஒரு பொருளின் மேல் உள்ள விசைகளைக் கண்டுபிடிக்க, அதைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போடுவதுபோல் எண்ணி, அதை என்னென்ன தொடுகின்றன என்று பாருங்கள். தொடுகிற ஒவ்வொன்றும் விசை கொடுக்கலாம். கடைசியாகப் புவியீர்ப்பைச் சேருங்கள். பெரும்பாலான கணக்குகளுக்கு அது போதும்.

இவற்றில் இரண்டு விசைகளிடம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

முதலாவது செங்குத்து விசை. மேஜை மேல் புத்தகம் இருக்கிறது. மேஜை புத்தகத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. "மேஜைக்கு உயிரா இருக்கு, தள்ளுறதுக்கு?" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. அவளிடம் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைக் கொடுத்து, இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம்போல் வைக்கச் சொன்னேன். நடுவில் ஒரு அழிப்பான். அளவுகோல் லேசாக வளைந்தது. அழிப்பானை எடுத்துவிட்டு ஜியோமெட்ரி பெட்டியை வைத்தாள். இன்னும் நன்றாக வளைந்து, ஓரிடத்தில் நின்றது. "அளவுகோலை விரலால் கீழே அழுத்திப் பார்" என்றேன். அழுத்தினாள். அழுத்த அழுத்த அது விரலை மேலே தள்ளுவதை உணர்ந்தாள். வளைந்த அளவுகோல் நேராகப் பார்க்கிறது, அதனால்தான் மேலே தள்ளுகிறது. பாரம் கூடினால் வளைவு கூடும், வளைவு கூடினால் தள்ளலும் கூடும். பாரத்துக்குச் சமமாகத் தள்ளல் வந்ததும் வளைவது நின்றுவிடும்.

மரமேஜையிலும் இதேதான் நடக்கிறது. புத்தகத்தின் கீழ் அதுவும் வளையத்தான் செய்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. கான்கிரீட் தரையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் அணுக்கள் சிறிது நெருங்குகின்றன, நெருங்கியதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. செங்குத்து விசைக்கு நிலையான அளவு கிடையாது, தேவைக்கேற்பக் கூடிக் குறையும் என்பதும் இதிலிருந்தே விளங்கிவிடும்.

இரண்டாவது உராய்வு. இதுவும் தேவைக்கேற்ப மாறுகிற ஆள்தான், ஆனால் ஓர் எல்லை உண்டு. தரையில் ஒரு பெட்டி. 10 நியூட்டன் விசையால் தள்ளுகிறீர்கள், நகரவில்லை. அப்போது உராய்வு எவ்வளவு? சரியாக 10 நியூட்டன், எதிர்த்திசையில். 30 நியூட்டனாக்கினாலும் நகரவில்லை என்றால் உராய்வு இப்போது 30. இப்படியே கூட்டிக்கொண்டு போனால், 40 நியூட்டனில் உராய்வு தன் எல்லையைத் தொட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் தள்ளினால் பெட்டி வழுக்கத் தொடங்கும். வழுக்கத் தொடங்கியபின் உராய்வு வழக்கமாகச் சற்றுக் குறையும். கனமான பொருளைத் தள்ளுகையில் முதல் அசைவுக்குத்தான் அதிகம் மூச்சுப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் எளிதாகிறது. அதன் காரணம் இதுதான்.

இயற்கையின் அடிப்படை விசைகள் நான்கு என்று நீங்கள் படித்திருக்கலாம்: ஈர்ப்பு விசை, மின்காந்த விசை, வலிமையான அணுக்கரு விசை, வலிமை குறைந்த அணுக்கரு விசை. கடைசி இரண்டும் அணுக்கருவின் உள்ளேயே முடிந்துவிடுகின்றன. அன்றாடம் நாம் உணர்வதெல்லாம் முதல் இரண்டுதான். மேலே சொன்ன செங்குத்து விசை, உராய்வு, இழுவிசை, சுருள்வில்லின் விசை ஆகிய அனைத்தும் அடியில் மின்காந்த விசையே. அணுக்களில் உள்ள மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுப்பதும் விலக்குவதும்தான் நமக்கு இத்தனை வடிவங்களில் தெரிகின்றன.

படி 3: முதல் விதி, ஏன் இது அவ்வளவு தாமதமாகப் பிடிபட்டது?

ஒரு பொருள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படித்தான் அரிஸ்டாட்டில் நினைத்தார். ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் அறிஞர்கள் பலரும் அந்த வழியிலேயே சிந்தித்தார்கள். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. பெட்டியைத் தள்ளுவதை நிறுத்தினால் பெட்டி நிற்கிறது, மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்கிறது. கண்ணால் பார்ப்பது அதுதானே. பந்துக் கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லும் மாணவர் அரிஸ்டாட்டில் போலவே யோசிக்கிறார்.

இத்தாலியைச் சேர்ந்த கலிலியோ (1564–1642) வேறு விதமாகப் பார்த்தார். இரண்டு சாய்தளங்கள் எதிரெதிரே. ஒன்றின் உச்சியிலிருந்து குண்டை உருட்டினால், அது மற்றதில் ஏறக்குறைய அதே உயரம் வரை ஏறுகிறது. இரண்டாவது சாய்தளத்தின் சரிவைக் குறைத்தால், அதே உயரத்தை அடைய குண்டு இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும். இன்னும் குறைத்தால் இன்னும் தூரம். சரிவே இல்லாமல் மட்டமாக்கிவிட்டால்? அந்த உயரம் வரவே போவதில்லை, அதனால் குண்டு நிற்கவும் போவதில்லை. நிஜத்தில் குண்டு நிற்கிறது என்றால், ஓட வைக்க ஆள் இல்லாததால் அல்ல, உராய்வு நிறுத்துவதால். எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த சிந்தனைகளில் இதுவும் ஒன்று. கேள்வியையே அவர் திருப்பிப் போட்டுவிட்டார். "ஏன் ஓடுகிறது?" என்ற கேள்வி போய், "ஏன் நிற்கிறது?" என்ற கேள்வி வந்தது.

ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட 'பிரின்சிபியா' நூலில் இதை முதல் விதியாக வைத்தார்: வெளியிலிருந்து நிகர விசை (எல்லா விசைகளையும் திசையோடு கூட்டியபின் மிஞ்சுவது) செயல்படாத வரை, ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். நகரும் பொருள் அதே வேகத்தில், அதே நேர்கோட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். மாற்றத்தை விரும்பாத இந்தக் குணத்தை நிலைமம் என்கிறோம்.

1977 செப்டம்பர் 5-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இன்று வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு எந்த எஞ்சினும் எரியவில்லை. சூரியனின் ஈர்ப்பு அதன் வேகத்தை மிகமிக மெதுவாகக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

பேருந்தில் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம். "ஏதோ ஒன்று முன்னால் தள்ளுகிறது" என்று தோன்றும். சோதனையைப் போடுங்கள்: தள்ளுவது எது? ஒன்றுமே இல்லை. பேருந்தின் தரை உங்கள் பாதங்களைப் பின்னோக்கி இழுத்து நிறுத்திவிட்டது. உடம்பின் மேற்பகுதி பழைய வேகத்திலேயே போகிறது. வளைவில் பேருந்து இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கம் சாய்வதும் இதேதான். உங்கள் உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பேருந்துதான் அடியிலிருந்து திரும்புகிறது. சாலையில் நின்று பார்ப்பவருக்கு உங்களை வலப்பக்கம் தள்ளும் எந்த விசையும் தெரியாது.

தேர்வில் அடிக்கடி வழுக்கும் ஓரிடம் இது: நிகர விசை சுழி என்றால் பொருள் ஓய்வில் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. நேர்கோட்டில் சீரான வேகத்தில் ஓடும் காரின் மேலும் நிகர விசை சுழியே. எஞ்சினால் கிடைக்கும் முன்னோக்கிய விசையும் காற்றுத் தடை முதலியவையும் சமமாகிவிடுகின்றன.

படி 4: நிறை வேறு, எடை வேறு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிறை என்பது பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு, கிலோகிராமில் அளப்பது. எங்கே போனாலும் அது மாறாது. எடை என்பது அந்தப் பொருளைப் பூமியோ நிலவோ இழுக்கும் விசை, நியூட்டனில் அளப்பது. பூமியில் நிறையை 9.8-ஆல் பெருக்கினால் எடை வரும். 10 கிலோகிராம் பொருளின் எடை பூமியில் 98 நியூட்டன், நிலவில் சுமார் 16 நியூட்டன். அன்றாடப் பேச்சில் "எடை 50 கிலோ" என்கிறோம், அதில் குற்றமில்லை. கணக்கில் மட்டும் அப்படி எழுதிவிடாதீர்கள்.

படி 5: இரண்டாம் விதி

விசை இல்லை என்றால் வேகம் மாறாது. சரி, விசை இருந்தால்? வேகம் மாறும். எவ்வளவு விரைவாக மாறும் என்பதைச் சொல்வதுதான் இரண்டாம் விதி. வேகம் மாறும் இந்த வீதத்தைத்தான் முடுக்கம் என்கிறோம்.

நிகர விசை = நிறை × முடுக்கம்

இதில் "நிகர" என்ற சொல்லை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். எல்லா விசைகளையும் திசையோடு கூட்டியபின் மிஞ்சுவது நிகர விசை. பாடநூல் இதைத் தொகுபயன் விசை என்று சொல்லும்.

ஒரு கணக்கு. தரையில் 20 கிலோகிராம் பெட்டி. 60 நியூட்டன் விசையால் கிடையாகத் தள்ளுகிறீர்கள். வழுக்கும்போது உராய்வு 20 நியூட்டன். நிகர விசை 60 − 20 = 40 நியூட்டன். முடுக்கம் 40 ÷ 20 = 2 மீ/வி². ஓய்விலிருந்து கிளம்பினால் 3 வினாடியில் வேகம் 6 மீ/வி ஆகிவிடும். அதுவரை கடந்த தூரம் 9 மீட்டர்.

இப்போது கையை எடுத்துவிடுங்கள். என்ன ஆகும்? பெட்டி உடனே நின்றுவிடாது. இனி அதன் மேல் கிடையாக இருப்பது 20 நியூட்டன் உராய்வு மட்டும், அதுவும் பின்னோக்கி. முடுக்கம் பின்னோக்கி 1 மீ/வி². அதாவது வேகம் வினாடிக்கு 1 மீ/வி வீதம் குறையும். 6 மீ/வி வேகம் தீர 6 வினாடி ஆகும். அந்த நேரத்தில் பெட்டி இன்னும் 18 மீட்டர் போயிருக்கும். கவனியுங்கள்: அந்த 18 மீட்டரும் பெட்டி முன்னோக்கிப் போகிறது, விசையோ பின்னோக்கி இருக்கிறது. விசையின் திசையில்தான் பொருள் நகரும் என்று கட்டாயம் இல்லை. விசை எந்தத் திசையோ, வேகத்தில் வரும் மாற்றம் அந்தத் திசை. மேலே ஏறும் பந்தின் கதையும் இதேதான். இயக்கம் மேல்நோக்கி, விசை கீழ்நோக்கி, வேகம் குறைந்துகொண்டே போகிறது.

அடுத்தது லிஃப்ட். இது எல்லாருக்கும் அனுபவத்தில் தெரிந்த ஒன்று, ஆனாலும் கணக்காக வந்தால் பயப்படுகிறார்கள். லிஃப்டுக்குள் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நிற்கிறார். அவர் மேல் இரண்டே விசைகள்: பூமி கீழே இழுப்பது 490 நியூட்டன், இயந்திரம் மேலே தள்ளுவது. இயந்திரம் காட்டுவது அந்தத் தள்ளலைத்தான்.

லிஃப்ட் நின்றுகொண்டிருந்தால் அது காட்டுவது 490. மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கத்தோடு கிளம்பினால் நிகர விசை மேல்நோக்கி 50 × 2 = 100 நியூட்டன் இருந்தாக வேண்டும், எனவே காட்டுவது 590. உடம்பு கனப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் சீரான வேகத்தைப் பிடித்துவிடும். அப்போது எவ்வளவு? மேலே போய்க்கொண்டிருந்தாலும் முடுக்கம் இல்லை, எனவே மறுபடி 490. மேல்மாடியை நெருங்கி அதே அளவில் வேகத்தைக் குறைக்கும்போது? லிஃப்ட் இன்னும் மேலேதான் போகிறது, ஆனால் முடுக்கம் கீழ்நோக்கி. காட்டுவது 390. போகிற திசையைப் பார்க்காதீர்கள், முடுக்கத்தின் திசையைப் பாருங்கள். இந்த நான்கு நிலைகளையும் நீங்களே ஒருமுறை வரைந்து பார்த்துவிட்டால் லிஃப்ட் கணக்கு ஒருபோதும் தவறாது.

கனமான பொருளும் இலேசான பொருளும் ஏன் ஒன்றாக விழுகின்றன என்பதும் இந்தச் சமன்பாட்டிலேயே இருக்கிறது. 10 கிலோ குண்டைப் பூமி, 1 கிலோ குண்டைவிடப் பத்து மடங்கு விசையோடு இழுக்கிறது. ஆனால் அதன் நிறையும் பத்து மடங்கு, அதை முடுக்குவதும் பத்து மடங்கு கடினம். வகுத்தால் இரண்டுக்கும் அதே 9.8 மீ/வி². காற்று இருப்பதால்தான் இறகு பின்தங்குகிறது. காற்றே இல்லாத நிலவில், 1971 ஆகஸ்ட் 2-இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் ஒரு வல்லூறின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அந்தக் காணொளி இணையத்தில் கிடைக்கிறது, அவசியம் பாருங்கள்.

இரண்டாம் விதியை நியூட்டன் உந்தத்தை வைத்துத்தான் சொன்னார். உந்தம் என்றால் நிறை × திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்). உந்தம் மாறும் வீதமே விசை. இந்த வடிவத்தின் அருமை மோதல்களில் தெரியும். 0.15 கிலோகிராம் பந்து 20 மீ/வி வேகத்தில் வருகிறது. அதன் உந்தம் 3 கிகி மீ/வி. கையை விறைப்பாக வைத்து 0.01 வினாடியில் நிறுத்தினால் சராசரி விசை 3 ÷ 0.01 = 300 நியூட்டன், கை வலிக்கும். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடித்து 0.1 வினாடி எடுத்துக்கொண்டால் 30 நியூட்டன்தான். உந்தத்தில் வந்த மாற்றம் இரண்டிலும் ஒன்றே, நேரம் மட்டும்தான் நீண்டது. காரின் காற்றுப்பையும் தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரையும் உயிர்களைக் காப்பாற்றுவது இந்த நேரத்தை நீட்டித்தான்.

படி 6: மூன்றாம் விதி, பெயர்களை இடம் மாற்றுங்கள்

"ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு." எல்லாருக்கும் தெரிந்த விதி. நான் பார்த்தவரை, மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விதியும் இதுதான்.

நம்மிடம் ஏற்கெனவே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. அவற்றை இடம் மாற்றிவிட்டால் மூன்றாம் விதி வந்துவிடும். கை கதவைத் தள்ளுகிறது என்றால், கதவு கையைத் தள்ளுகிறது. பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால், புத்தகம் பூமியை இழுக்கிறது. அதே அளவு, எதிர்த்திசை, அதே வகை விசை, ஒரே நேரத்தில்.

இப்போது ஒரு கேள்வி. மேஜை மேல் புத்தகம். பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேஜை மேலே தள்ளுகிறது. இரண்டும் சமம், எதிரெதிர். இவை மூன்றாம் விதி சொல்லும் இணையா? பலர் ஆம் என்பார்கள். பெயர்களைப் பாருங்கள்: பூமி–புத்தகம், மேஜை–புத்தகம். இடம் மாற்றினால் ஒன்று மற்றொன்றாக வரவில்லையே. இவை இரண்டும் புத்தகம் ஒன்றின் மேலேயே செயல்படுகின்றன, சமமாக இருப்பது புத்தகம் ஓய்வில் இருப்பதால். அதாவது இது முதல் விதியின் வேலை. மேஜையை லிஃப்டுக்குள் கொண்டுபோய் வைத்து மேல்நோக்கி முடுக்கினால் இரண்டும் சமமாக இருக்காது. மூன்றாம் விதியின் இணைகளோ எந்த நிலையிலும் சமமாகவே இருக்கும்.

பழைய குதிரைவண்டிப் புதிரும் இப்படித்தான் அவிழும். குதிரை வண்டியை இழுக்கும் அதே அளவுக்கு வண்டியும் குதிரையைப் பின்னால் இழுக்கிறது என்றால், வண்டி எப்படி நகர்கிறது? வண்டியை மட்டும் தனியாக வரையுங்கள். முன்னோக்கிக் குதிரையின் இழுவை, பின்னோக்கி உராய்வு. இழுவை பெரியதாக இருந்தால் வண்டி முடுக்கம் பெறும். வண்டி குதிரையை இழுக்கும் விசை இந்தப் படத்தில் வரவே வராது, ஏனென்றால் அது குதிரையின் மேல் செயல்படுவது. அடுத்து குதிரையை மட்டும் வரையுங்கள். பின்னோக்கி வண்டியின் இழுவை. முன்னோக்கி? தரைதான். குதிரை குளம்புகளால் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை குதிரையை முன்னால் தள்ளுகிறது. நாம் நடப்பதும் இப்படியே. ஈரமான பளிங்குத் தரையில் நடக்கத் தடுமாறுவது, அங்கே உராய்வு போதாமல் தரையால் நம்மைத் தள்ள முடியாததால்தான்.

விசை சமம் என்பதால் விளைவும் சமம் என்று நினைக்க வேண்டாம். வழுக்கும் பனித்தரையில் 60 கிலோகிராம், 40 கிலோகிராம் நிறையுள்ள இருவர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் தள்ளுகிறார்கள். ஒவ்வொருவர் மேலும் 120 நியூட்டன். முதலாமவர் பெறும் முடுக்கம் 2 மீ/வி², இரண்டாமவர் பெறுவது 3 மீ/வி². அரை வினாடி தள்ளியபின் வேகங்கள் 1 மற்றும் 1.5 மீ/வி. பெருக்கிப் பாருங்கள்: 60 × 1 = 60, 40 × 1.5 = 60. எதிரெதிர்த் திசைகளில் சமமான உந்தங்கள். தொடக்கத்தில் மொத்த உந்தம் சுழி, இப்போதும் சுழி. உந்தம் மாறாக் கோட்பாடு என்று தனிப் பாடமாக வருவது மூன்றாம் விதியின் நேரடி விளைவுதான்.

ராக்கெட் காற்றைத் தள்ளித்தான் மேலே போகிறது என்பது இன்னொரு பிடிவாதமான தவறு. ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டின் யோசனைகளைப் பற்றி 1920-இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் ஒன்று எழுதியது. வெற்றிடத்தில் தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் ராக்கெட் அங்கே வேலை செய்யாது என்பது அதன் வாதம். 1969 ஜூலை 17 அன்று, அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தப் பத்திரிகை தன் தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. பெயர்களைச் சொல்லிப் பார்த்தால் குழப்பமே இல்லை: ராக்கெட் எரிந்து வெளியேறும் வாயுவைப் பின்னால் தள்ளுகிறது, அந்த வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. இதில் காற்று எங்கேயும் வரவில்லை.

படி 7: கணக்கைப் போடும் முறை

எந்த இயக்கக் கணக்கு வந்தாலும் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். முதலில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் தனியாக ஒரு புள்ளியாகவோ கட்டமாகவோ வரையுங்கள். அதைத் தொடுபவை எவை என்று பார்த்து அம்புகள் போடுங்கள், புவியீர்ப்பையும் சேருங்கள். ஒவ்வொரு அம்புக்கும் கொடுப்பவர் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாத அம்பை அழித்துவிடுங்கள். ஒரு திசையை நேர்க்குறி என்று முடிவு செய்து நிகர விசையைக் கண்டுபிடியுங்கள். அப்புறம்தான் சூத்திரம்.

ஒரு மாதிரி. உராய்வில்லாத தளத்தில் 3 கிலோகிராம் கட்டையும் 2 கிலோகிராம் கட்டையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. 3 கிலோ கட்டையை 20 நியூட்டன் விசையால் தள்ளுகிறீர்கள், அது மற்றதைத் தள்ளிக்கொண்டு போகிறது. இரண்டு கட்டைகளுக்கும் இடையே உள்ள விசை எவ்வளவு?

இரண்டும் ஒன்றாகவே நகர்வதால் சேர்த்து ஒரே பொருளாக எடுங்கள். மொத்த நிறை 5, விசை 20, முடுக்கம் 4 மீ/வி². இப்போது 2 கிலோ கட்டையை மட்டும் வரையுங்கள். அதைக் கிடையாகத் தொடுவது 3 கிலோ கட்டை மட்டுமே. உங்கள் கை அதைத் தொடவில்லை, அதனால் 20 நியூட்டன் இந்தப் படத்தில் வராது. நிகர விசை 2 × 4 = 8 நியூட்டன். எனவே இடையே உள்ள விசை 8 நியூட்டன். சரிபார்க்க 3 கிலோ கட்டையை வரையுங்கள்: முன்னோக்கி 20, மூன்றாம் விதிப்படி பின்னோக்கி 8, மிச்சம் 12. அது 3 × 4-க்குச் சமம். பொருந்துகிறது.

நீங்களே முயன்று பாருங்கள்

விடையைப் பார்க்கும் முன் படம் வரைந்துவிடுங்கள்.

பாராசூட்டோடு சேர்த்து 80 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் சீரான வேகத்தில் இறங்குகிறார். காற்றுத் தடை எவ்வளவு? வேகம் மாறவில்லை, எனவே நிகர விசை சுழி. தடை எடைக்குச் சமம், 784 நியூட்டன். எடையைவிடத் தடை குறைவாக இருந்தால்தான் கீழே வர முடியும் என்று தோன்றினால் மூன்றாவது படியை மறுபடி படியுங்கள்.

ஒரு கயிற்றின் இரு முனைகளையும் இருவர் 300 நியூட்டன் விசையோடு எதிரெதிர்த் திசையில் இழுக்கிறார்கள். கயிற்றின் இழுவிசை 600-ஆ, 300-ஆ, சுழியா? 300. ஒருவருக்குப் பதிலாகச் சுவரில் கயிற்றைக் கட்டியிருந்தாலும் சுவர் அதே 300 நியூட்டனோடுதான் இழுக்கும். நிகர விசை சுழி என்பதும் உண்மைதான், ஆனால் கேள்வி அதுவல்ல.

கடைசியாக, நாம் தொடங்கிய பந்து. அது உச்சியை அடைந்த அந்தக் கணத்தில் வேகம் சுழி. முடுக்கம்? "அதுவும் சுழி" என்று எழுதக் கை துடிக்கும். அப்படி இருந்தால் வேகம் மாறாது, பந்து அந்தரத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும். பூமி உச்சியிலும் இழுப்பதை நிறுத்துவதில்லை. முடுக்கம் கீழ்நோக்கி அதே 9.8 மீ/வி². ஏறும்போது ஒன்று, உச்சியில் ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று பந்தை மூன்று இடங்களில் வரைந்து அம்புகளைப் போடுங்கள். மூன்று படத்திலும் கீழ்நோக்கி ஒரே ஒரு அம்பு, ஒரே நீளத்தில், பக்கத்தில் ஒரே பெயர்: பூமி.